லாச்சிக்குள் பத்து நாள்

அலுவிகாரை
18.08.2025, திங்கள் இரவு

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் இங்கே சுகம். உங்களுக்கும் முத்து மச்சானுக்கும் சுகம்தானே? சீனி வருத்தத்துக்கு ஒழுங்காக மருந்து எடுக்கிறீர்களா? கால் எரிவு குறைந்ததா?

இந்தக் கடிதத்தைப் பலீல் நானாவின் லொறியில் அனுப்புகிறேன். அவர் என் கூட்டாளி றிப்காவின் வாப்பா. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் பல்லேகமப் பக்கம் மரக்கறி ஏற்ற வருகிறார். நேற்றுப் பின்னேரத்திலிருந்து தபால் வேலைநிறுத்தம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் வேலைநிறுத்தம் இல்லாவிட்டாலும் உங்களுக்கு எழுதுவதை நான் தபாற்பெட்டியில் போட முடியாது. இங்கே போடுகிற கடிதமெல்லாம் தபால் கந்தோரில் அப்பாவின் மேசைக்குத்தான் ஊர்வாரியாகப் பிரிக்கப் போகும். அவருக்கு என் கையெழுத்து தெரியும். ஜூலையில் அந்தக் கல்யாண வீட்டில் நடந்த சண்டைக்குப் பிறகு உங்கள் பேரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. அம்மாவின் போனிலிருந்து உங்கள் நம்பரையும் அப்பா எடுத்துவிட்டார்.

றிப்கா வீட்டு போனில் பேசலாம்தான். ஆனால் பலீல் நானா தினமும் அப்பாவோடு தேத்தண்ணி குடிப்பவர். நான் பேசுவது அவருக்குக் கேட்கும். நாளைக் காலை கொண்டுபோக ஒரு கடிதம் இருக்கிறது என்று இன்றைக்குச் சொன்னதற்கே, "என்ன மகள், ஒங்கட வாப்பாவே தபால் கந்தோர்ல. நீங்க லொறியில கடிதம் அனுப்புறீங்க?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். மே மாதம் முத்து மச்சான் ஒரு பரீட்சை எழுதினாரே, அரச கூட்டுத்தாபனத்தில் எழுதுவினைஞர் வேலைக்கு. அதற்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்துவிட்டதா? வராவிட்டால் நீங்களாக விசாரித்துப் பார்ப்பீர்களா? சும்மாதான் கேட்கிறேன். ஆனால் சீக்கிரம் பதில் எழுதுங்கள். றிப்கா வீட்டு விலாசத்தில் லொறியிலேயே கொடுத்துவிடுங்கள்.

எல்லோரும் தூங்கிய பிறகு குசினியில், அடுப்பருகே இருந்து எழுதுகிறேன். அப்பா இருமினால் பேனாவை மூடிவிடுகிறேன்.

உங்கள் மருமகள்
விதுஷா


பல்லேகம
19.08.2025

அன்பு மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. கால் எரிவு அப்படியே இருக்கிறது. நாள் முழுக்கத் தையல் மெஷினை மிதிக்கிற காலுக்கு வேறு என்ன வரும்? முத்துவுக்குச் சுகம்.

உன் அப்பன் ரோட்டில் கொடி பிடிக்கிறானா? டீவியில் தேடினேன், காணவில்லை. எதற்காம் இந்த வேலைநிறுத்தம்? வரவு பதியக் கைரேகை மெஷினில் விரல் வைக்க மாட்டார்களாம். ஓவர்டைமைக் குறைக்கக் கூடாதாம். நான் விடிய நாலு மணிக்கு மெஷினில் உட்காருகிறேன். எனக்கு யார் ஓவர்டைம் தருகிறார்கள்? பென்சன் யார் தருவார்கள்? பள்ளிக்கூட யூனிபோம் தைக்கிற வெள்ளைத் துணிக்கு வரி, நூல் ரீலுக்குப் பதினெட்டு வீதம் வற் வரி, கரண்டு பில்லுக்குள்ளும் வரி. அதெல்லாம் எங்கே போகிறது? உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறவர்களுக்குச் சம்பளமாகப் போகிறது. இதைத்தான் நான் கல்யாண வீட்டிலும் சொன்னேன். நாற்பது பேர் முன்னால் சொன்னேன் என்று அவனுக்குக் கோபம். சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போனான். நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தால் உண்மை குறைந்திருக்குமா?

முத்துவுக்கு இன்னும் கடிதம் வரவில்லை. ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் எழுதிய பரீட்சை. இவன் பெயர் தேறியவர்கள் பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு ரோட்டுக்குப் போய் நிற்கிறான். தபாற்காரர்தான் வேலைநிறுத்தத்தில் இருக்கிறாரே, பிறகு எதற்கு நிற்கிறாய் என்று ஏசினேன். சும்மா நிற்கிறேன் என்கிறான். வேலைநிறுத்தம் முடிந்தால் வரும். அதற்குள் ஏன் விசாரிக்க வேண்டும்? இவன் அவசரப்படுகிறான் என்று அங்கே குறித்துக்கொள்வார்கள்.

அந்த வேலை கிடைத்தால் எனக்கு ஒரு கவலை விட்டது. மாதம் பிறந்தால் சம்பளம். பென்சன் இருக்கிறது. யாரும் எழும்பிப் போ என்று சொல்ல முடியாது.

நன்றாகப் படி. ஓ எல் பரீட்சை வருகிறது.

அன்புடன்
அத்தை மங்களேஸ்வரி


அலுவிகாரை
20.08.2025, புதன் இரவு

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் சுகத்தை முதலில் கேட்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை நான் சும்மா கேட்கவில்லை. முத்து மச்சானின் கடிதம் வந்துவிட்டது. அது கந்தோரில், அப்பாவின் மேசை லாச்சிக்குள் பூட்டிக் கிடக்கிறது.

ஞாயிறு இரவு அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. போன வெள்ளி, வேலைநிறுத்தத்துக்கு இரண்டு நாள் முந்தி, மூன்று மணிக்குக் கடிதம் பிரிக்கும்போது கண்டிருக்கிறார். பழுப்பு உறை, பதிவுத் தபால், மூலையில் கூட்டுத்தாபனத்தின் பெயர். மூன்றே முக்கால் பஸ்ஸில் உங்கள் ஊர்ப் பக்கத் தபால் பை போகிறது. அந்தப் பையில் மற்ற எல்லாக் கடிதமும் போனது. இதை மட்டும் போடவில்லை.

அம்மா, "அது முத்துவோட கடிதமுங்க. பாவம்" என்றார்.

"நான் வேலையே செய்யலைன்னு அக்கா சொன்னாளே. அப்ப அவ வீட்டுக் கடிதம் எப்புடிப் போகும்? ரெண்டு நாள் கெடக்கட்டும்னுதான் வச்சேன். செவ்வாக்கிழமை போட்டுக்கலாம்."

செவ்வாய்க்கிழமையும் கந்தோர் திறக்கவில்லை. ஒரு நாள் அடையாள வேலைநிறுத்தம் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். இன்றைக்கு மூன்றாம் நாள். இப்போது அவரே போய் எடுக்க நினைத்தாலும் முடியாது. வாசலில் அவருடைய தொழிற்சங்க ஆட்களே நிற்கிறார்கள். சங்கக் கிளைச் செயலாளரான அவரே உள்ளே போனால் என்ன சொல்வார்கள்? சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார், சாப்பிடுவதில்லை.

முத்து மச்சானை உடனே அந்த அலுவலகத்துக்கு போன் பண்ணச் சொல்லுங்கள். தேர்வு என்றைக்கு என்று எனக்குத் தெரியாது. யார் சொன்னது என்று மட்டும் வெளியே சொல்லாதீர்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. அதனால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.

உங்கள்
விதுஷா


பல்லேகம
26.08.2025

விதுஷா,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. சனியும் ஞாயிறும் அந்த அலுவலகம் பூட்டு. நேற்றுக் காலை முத்து போன் பண்ணினான். நேர்முகத் தேர்வு 22ஆம் திகதி வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, கண்டியில். முடிந்துவிட்டது. "வேலைநிறுத்தம் என்றால் நாங்கள் என்ன செய்வது தம்பி? மற்றவர்கள் எல்லோரும் வந்தார்களே" என்று அங்கே போனை எடுத்த ஒரு அம்மா சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

இன்று பதினொரு மணிக்குத் தபாற்காரர் வந்தார். ஒன்பது நாளுக்குப் பிறகு சைக்கிள் மணி கேட்டது. முத்து கையெழுத்துப் போட்டு வாங்கினான். திறக்கவில்லை. அப்படியே சுவாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான். இருபத்து நாலு வயதுப் பொடியன், பகல் பன்னிரண்டு மணிக்குச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.

என் தம்பியை நான் தூக்கி வளர்த்தேன். அவன் தபால் கந்தோரில் சேர்ந்த நாள் போட்ட வெள்ளைச் சேர்ட்டை இந்தக் கையால்தான் தைத்தேன். எனக்குச் சம்பளம் தர ஆள் இல்லாமல், வரி கட்டி இவர்களுக்குச் சம்பளம் தந்தேன். அவனுக்கு அந்தச் சம்பளத்தில் வீம்பும் வேண்டியிருக்கிறது. நான் விடமாட்டேன். மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதப் போகிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் கடிதத்தின் தலையில் 20ஆம் திகதி, புதன் இரவு என்று இருக்கிறது. பலீலுடைய லொறி வியாழன் காலையும் வந்தது. என் வாசலில்தான் நின்றது. அவரிடம் இரண்டு முறை கேட்டேன், கடிதம் ஏதும் உண்டா என்று. இல்லை என்றார்.

வியாழன் ஏன் வரவில்லை?

மங்களேஸ்வரி


அலுவிகாரை
29.08.2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கால் எப்படி? மச்சான் எழும்பினாரா? சாப்பிட்டாரா?

பெட்டிசம் எழுத வேண்டாம் அத்தை. கும்பிட்டுக் கேட்கிறேன். அப்பா செய்தது பிழை. அதை நினைத்து இரவெல்லாம் நானும் பல்லைக் கடிக்கிறேன். அவர் சங்கத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எழும்பி நின்று கத்த வேண்டும் போல இருக்கிறது. ஆனால் வேலை போனால் நாங்கள் என்ன செய்வது? வீட்டுக் கடன் சம்பளத்தில்தான் வெட்டுப்படுகிறது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் டியூஷன் போவது அவருடைய ஓவர்டைம் காசில். நீங்கள் ஓவர்டைம் என்றால் தேத்தண்ணி என்று நினைக்கிறீர்கள். நத்தார்ப் பண்டிகைக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் அவர் இரவு பதினொரு மணிக்கு வருவதை நீங்கள் பார்த்ததில்லை. கை முழுக்கக் கறுப்பு மை இருக்கும். அந்தக் கையோடே தூங்கிவிடுவார்.

முந்தநாள் யாரோ ஒரு வாடிக்கையாளர் கந்தோரில் வைத்து, "எங்கட காசுல தின்னுட்டு எங்களுக்கே பூட்டுப் போடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து சொன்னார், "முப்பது வருசமா இந்த ஊர்க் கடிதமெல்லாம் இந்தக் கையால போகுது. இப்ப விரலை வச்சாத்தான் நான் வந்தேன்னு நம்புவாங்களாம்." எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. போகாத கடிதம் ஒன்று இருந்ததே அப்பா என்று தொண்டை வரைக்கும் வந்தது.

பெட்டிசம் வேண்டாம். உடனே பதில் போடுங்கள்.

உங்கள்
விதுஷா


பல்லேகம
02.09.2025

விதுஷாவுக்கு,

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. பரவாயில்லை.

பெட்டிசம் போய்விட்டது. இன்று காலை இங்கிருந்து பதிவுத் தபாலில், அவனுக்கு மேலே இருக்கிற தபால் அத்தியட்சகருக்கு. சும்மா எழுதினால் குப்பையில் போடுவார்கள் என்பதால் உன் 20ஆம் திகதிக் கடிதத்தையும் சேர்த்து வைத்தேன். பயப்படாதே. கீழே இருந்த உன் பெயரைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டேன். "வீட்டுக்குள்ளிருந்து வந்த கடிதம்" என்று மட்டும் எழுதினேன்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். என் பிள்ளை நேற்றும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தான்.

அத்தை


அலுவிகாரை
05.09.2025, வெள்ளி இரவு

அத்தைக்கு,

தபால் கந்தோரில் இருப்பவருக்கு எதிராகப் பெட்டிசம் எழுதி, அதைத் தபாலிலேயே போட்டிருக்கிறீர்களே! பல்லேகமப் பை எங்கே வந்து திறக்கும் என்று நீங்கள் யோசிக்கவே இல்லையா? அப்பாவின் மேசையில்தான் திறந்தது.

புதன் இரவு சாப்பிடும்போது சொன்னார். "அக்கா எனக்கு மேல பெட்டிசம் போட்டிருக்கா. அவ எழுத்து தூரத்துலயே தெரியும். அத்தியட்சகர்னு எழுதத் தெரியாம அடிச்சு அடிச்சு எழுதியிருக்கா."

அம்மா கையைக் கழுவாமலே எழுந்துவிட்டார். "அது எங்க இப்ப?"

"பையில போட்டுட்டேன்."

"ஐயோ, எடுத்து வச்சிருக்கக் கூடாதா? ரெண்டு நாள் வச்சிருந்தா அக்காவோட பேசிப் பாத்திருக்கலாமே!"

"ஒரு தடவை வச்சது போதும்" என்றார். பிறகு பருப்பு கேட்டார்.

அவர் அதைப் பதிவேட்டில் எழுதி, தானே கட்டி, தானே அனுப்பியிருக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என் கடிதம் அவருடைய கையிலேயே இருந்திருக்கிறது, ஒரு உறைத் தாள்தான் இடையில். உங்கள் கத்தரிக்கோல் என் பேரைத்தான் வெட்டியது அத்தை. என் கையெழுத்தை எப்படி வெட்டும்? ஒன்றாம் வகுப்பில் எனக்கு எழுதப் பழக்கியவர் அவர்.

உங்களிடம் ரகசியமாகச் சொன்னேன். அதை எடுத்து அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள். இப்போது நானும் ஒன்று கேட்கிறேன். முத்து மச்சானுக்கு அந்த வேலை கிடைத்திருந்தால் அவருக்கு யார் சம்பளம் கட்டியிருப்பார்கள்? தம்புள்ளையில் தக்காளி விற்கிறவரும் உங்களைப் போல ஒரு தையற்காரியும்தான். அவருக்குப் பென்சன் வந்தால் அது நல்ல பென்சன், அப்பாவுக்கு வந்தால் அது களவா? நீங்கள் வரியைப் பற்றிக் கேட்கும் கேள்வி சரி என்று எனக்குத் தெரியும். ஓவர்டைம் பொய்யாக எழுதுகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள், அப்பாவே சொல்லியிருக்கிறார். ஆனால் நீங்கள் கேட்டது அதற்காக இல்லை. உங்கள் தம்பிக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

விதுஷா


பல்லேகம
22.09.2025

அன்பு மருமகளுக்கு,

சுகமா? நீ எழுத வேண்டாம் என்றாய். பதினேழு நாள் எழுதாமல் இருந்தேன்.

முத்து இப்போது பலீலுடைய லொறியில் மூட்டை ஏற்றப் போகிறான். செவ்வாய், வியாழன், சனி மட்டும். மற்ற நாட்களில் வீட்டில் இருக்கிறான். என்னோடு பேச்சு குறைவு. பெட்டிசம் போட்டதை அவனிடம் சொன்னேன். "நான் கேட்டேனா?" என்றான். அவ்வளவுதான்.

நீ எழுதியதை நாலு முறை படித்தேன். மற்றதற்கெல்லாம் பதில் எழுதுவேன். தம்பிக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை என்றாயே, அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

அங்கே ஏதும் விசாரணை நடந்ததா?

அத்தை


பல்லேகம
04.10.2025

விதுஷா,

பலீல் வெறுங்கையோடு வருகிறார். சுகமாக இருக்கிறீர்கள் என்று மட்டும் ஒரு வரி எழுதிக் கொடு. வசை எழுதினாலும் பரவாயில்லை.

அத்தை


அலுவிகாரை
16.10.2025

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் சுகம். உங்களுக்கும் மச்சானுக்கும் சுகம் என்று நம்புகிறேன்.

விசாரணை நடந்தது. முதலில் அப்பாவைக் கந்தோருக்குள் கூப்பிட்டு என் கடிதத்தைக் காட்டியிருக்கிறார்கள். இது யாருடைய எழுத்து என்று கேட்டதற்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்து என்னைப் பார்க்கவில்லை. என் கணிதக் கொப்பியை எடுத்துத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்து, இருந்த இடத்தில் வைத்தார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மூன்று நாள் அவர் கத்தவே இல்லை.

பிறகு விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்கப் போகிறார் என்று செய்தி வந்தது. அதற்கு முதல் நாள் சங்கத் தலைவர் முஸம்மில் வந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். அவர் குடிக்காமல் என்னைப் பார்த்து, "மகள், இது ஒங்கட எழுத்து இல்லன்னு ஒரு சொல்லு சொன்னாப் போதும். ஒங்கட பல்லேகம மாமி கோவத்துல எழுதிப் போட்ட பொய்யின்னு முடிச்சிரலாம். சங்கம் பாத்துக்கும்" என்றார்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். "அவகிட்ட ஏன் சொல்றீங்க? அவளுக்கு வாய் இருக்கு" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. பொய் சொல்லு என்றும் சொல்லவில்லை, உண்மையைச் சொல்லு என்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் என் தலையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அதிகாரி அடுத்த நாள் வந்தார்; முஸம்மிலும் வந்து உட்கார்ந்தார். கடிதத்தை மேசையில் விரித்து வைத்தார். அடியில் கத்தரிக்கோல் வெட்டு நேராக இருந்தது, நீங்கள் துணி வெட்டுகிற மாதிரி. நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். அப்பா வெள்ளிக்கிழமை செய்ததையும், ஞாயிறு சொன்னதையும் சொன்னேன்.

பிறகு, வியாழன் ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்டதற்கும் அங்கேயே பதில் சொன்னேன். அந்தக் கடிதத்தைப் புதன் இரவு எழுதினேன். வியாழன் விடிய லொறி றிப்கா வீட்டு முன்னால் நின்றது. நான் கடிதத்தைக் கணிதக் கொப்பிக்குள் வைத்தபடி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். பலீல் நானா ஹோர்னும் அடித்தார். போனால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து போகவில்லை. சனிக்கிழமைதான் கொடுத்தேன். வியாழன் கொடுத்திருந்தால் மச்சான் வெள்ளிக்கிழமை கண்டிக்குப் போயிருப்பார். அப்பா பத்து நாள் வைத்தார், நான் இரண்டு நாள் வைத்தேன். என் இரண்டு நாளில்தான் அந்த வேலை போனது. உங்கள் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல முடியாமல்தான் அன்றைக்கு அவ்வளவு கோபமாக எழுதினேன்.

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு, "மகள் தபால் திணைக்களத்துல வேலை செய்யலையே. இதை எழுத எங்ககிட்ட இடம் இல்ல" என்றார். சிரிக்கவும் செய்தார். எனக்கு அவருடைய பேனாவைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது.

அப்பா அப்போது வாசலிலிருந்து உள்ளே வந்தார். "எழுதிக்கோங்க. வீம்புக்குத்தான் வச்சேன். சங்கம் வைக்கச் சொல்லல. இதுல சங்கத்தை இழுக்காதீங்க" என்றார். முஸம்மில் எழும்பிப் போய்விட்டார்.

வேலை போகவில்லை. ஒரு வருடச் சம்பள உயர்வை நிறுத்திவிட்டார்கள். செயலாளர் பதவியைச் சங்கம் எடுத்துவிட்டது. விஞ்ஞான டியூஷனை நான் நிறுத்திவிட்டேன். அப்பா இன்னும் உங்கள் பேரைச் சொல்வதில்லை. என்னிடம், "சாப்பிட்டியா?" மட்டும் கேட்கிறார்.

இந்தக் கடிதத்தைப் பலீல் நானாவிடம் கொடுக்கவில்லை. ஐம்பது ரூபாய் முத்திரை ஒட்டி, உங்கள் பேரையும் பின்னால் என் பேரையும் பெரிதாக எழுதி, பகலில், பள்ளிக்கூடச் சீருடையோடு, பெட்டியில் போடப் போகிறேன். அவருடைய மேசைக்குத்தான் போகும். வைக்கிறாரா அனுப்புகிறாரா என்று பார்க்கிறேன்.

உங்கள் மருமகள்
தர்மேந்திரன் விதுஷா


பல்லேகம
18.10.2025, சனிக்கிழமை

அன்பு மருமகள் விதுஷாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கால் எரிவு அப்படியேதான்.

தபாற்காரர் கொண்டுவரவில்லை. காலை ஒன்பது மணிக்கு நாய் குரைத்தது. எட்டிப் பார்த்தால் உன் அப்பன் படலைக்கு வெளியே நிற்கிறான். முந்தி என் கடிதம் எது வந்தாலும் லீவு நாளில் சேர்ட் பொக்கற்றில் வைத்து அவனே கொண்டுவருவானே, அதே மாதிரி. "அக்கா, தபால்" என்றான். உறை ஒட்டியபடியே இருந்தது. முத்திரையில் நேற்றைய திகதி குத்தியிருந்தது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவன் உனக்குச் சொல்ல மாட்டான். நான் சொல்கிறேன். சண்டை பிடித்தோம். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போகும் அளவுக்கு. "விரல் வைக்கிறதுல என்னடா தேஞ்சு போகுது உனக்கு?" என்று கேட்டேன். "நீ மட்டும் பில் போட்டா துணி தைக்கிற? நீ கட்டாத வரி எவ்வளவு?" என்று கேட்டான். "நூல்ல கட்டுறேன்டா!" என்றேன். "நானும் பருப்புல கட்டுறேன்!" என்றான். ஒரு முடிவும் வரவில்லை. சோறு போட்டேன். இந்த முறை சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தான்.

முத்து அந்த நேரம் லொறியில் வந்து இறங்கினான். மாமனைப் பார்த்தான். துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குக் குளிக்கப் போய்விட்டான். உன் அப்பன் சுவாமிப் படத்துக்குப் பின்னால் இருந்த பழுப்பு உறையையே பார்த்துக்கொண்டு நின்றான். அதை இன்னும் யாரும் திறக்கவில்லை. "அவன்கிட்ட என்னன்னு சொல்றது அக்கா?" என்றான். எனக்கென்ன தெரியும் என்றேன். கிணற்றடி வரைக்கும் நடந்து போய், பாதியில் நின்று, திரும்பி வந்துவிட்டான்.

நீ வைத்த அந்த இரண்டு நாளைப் பற்றி நான் முத்துவிடம் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன். என்னிடம் எழுதிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதே. எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அவனுக்கு நீயே எழுது.

உன் கடிதத்திலிருந்து நான் வெட்டி எடுத்த துண்டு ஊசிப் பெட்டிக்குள் கிடந்தது. இத்தோடு வைத்திருக்கிறேன். உன் பெயர் எழுதிய இடம். நான் அதை வெட்டியிருக்கக் கூடாது.

இதை எழுதி ஒட்டி உன் அப்பன் கையில்தான் கொடுக்கிறேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறான். "முத்திரை ஒட்டலையே" என்கிறான், அந்த ஐம்பது ரூபாயும் அரசாங்கத்துக்குப் போக வேண்டுமாம். போடா என்றேன்.

இப்போது சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி. மூன்றே காலுக்குப் பஸ். உனக்கு இது எப்போது கிடைத்தது என்று, நாளும் நேரமும் போட்டு எழுது.

அத்தை
மங்களேஸ்வரி